அந்தமானின் ஓணானும் அந்நிய மானும்

தீவுக்குப் போகிறவர்கள் புள்ளிமானுக்கு பிஸ்கட் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மான் யார் வீட்டைத் தின்று தீர்க்கிறது என்பதைக் கேட்பாரில்லை.

அபர்தீன் படகுத்துறையில் ஏறினால் கால் மணி நேரத்தில் ராஸ் தீவு வந்துவிடுகிறது. 2018 டிசம்பரிலிருந்து இதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். பேச்சு வழக்கில் இன்னும் ராஸ்தான். 1858இல் தொடங்கி 80 ஆண்டுகளுக்கு மேலாக அந்தமான் கைதிக் குடியேற்றத்தின் தலைமையிடம் இது. வெள்ளைக்காரர்களின் மாளிகை, தேவாலயம், நடன அரங்கு, ரொட்டிக்கூடம், டென்னிஸ் மைதானம் என்று சின்னத் தீவுக்குள் ஒரு பெரிய ஊரே இருந்தது. 1941 ஜூனில் நிலநடுக்கம் வந்தது. அடுத்த மார்ச்சில் ஜப்பானியப் படை வந்தது. அதோடு ஆட்டம் முடிந்தது. இன்று அத்தி இன மரங்களின் வேர்கள் சுவர்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. செங்கல் உதிர்ந்தாலும் வேர் விடவில்லை.

ஆனால் பயணிகளின் கேமராக்கள் முதலில் தேடுவது இடிபாடுகளை அல்ல, மான்களை. கூப்பிட்டால் வருகின்றன. கையில் இருப்பதை வாங்கித் தின்கின்றன. குழந்தைகள் கழுத்தைக் கட்டிக்கொள்ள, பெற்றோர் படம் எடுக்கிறார்கள். மரங்களுக்கு அடியில் தரை பெருக்கிவிட்டதுபோல் வெறுமையாக இருக்கிறது. பூங்கா மாதிரி எவ்வளவு அழகு என்று வியக்கத் தோன்றும். பசுமை மாறாக் காட்டின் தரை அப்படி இருக்கக்கூடாது என்பது தெரிந்தவர்களுக்கு மட்டும் அந்தச் சுத்தம் உறுத்துகிறது.

பெயரில்தான் மான் இருக்கிறதே தவிர, அந்தமான் காட்டில் மான் இருந்ததே இல்லை. தமிழ் சினிமா இந்தச் சிலேடையை விட்டுவைக்கவில்லை. 1978இல் சிவாஜி கணேசனும் சுஜாதாவும் நடித்து வந்த ‘அந்தமான் காதலி’யின் பாட்டு ஒன்று அதை வைத்துத்தான் விளையாடியது. ஆனால் தீவின் சொந்த மிருகங்களின் பட்டியல் மிகச் சிறியது. காட்டுப்பன்றி, மரநாய், எலி, மூஞ்சூறு, வௌவால். இலையையும் தளிரையும் மேயும் பெரிய விலங்கு ஒன்றுகூட இதில் கிடையாது. தீவின் பழங்குடி மக்களின் வேட்டை மரபும் பன்றியைச் சுற்றி வளர்ந்ததுதான்.

புள்ளிமானைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில், வேட்டைப் பிராணியாக அது தீவில் இறக்கப்பட்டது. வேறு மான் வகைகளும் வந்தன. ஆனால் நிலைத்துப் பெருகியது புள்ளிமான்தான். முதுமலையில் ஒரு மான் குட்டி போட்டால் புலி, சிறுத்தை, செந்நாய் எல்லாவற்றின் கணக்கும் அந்தக் குட்டியின் மேல் இருக்கிறது. அந்தமானில் கணக்குக் கேட்க யாரும் இல்லை. மேய்ச்சலுக்குப் போட்டியும் இல்லை. போதாததற்கு, மான் நன்றாக நீந்தும். ஒரு தீவில் இறக்கிவிட்டது குறுகிய ஜலசந்திகளைக் கடந்து அடுத்த தீவில் கரையேறியது. இப்படியே அந்தமானின் பெரும்பாலான தீவுகளுக்கு அது பரவிவிட்டது.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று தமிழில் சொல்வார்கள். இங்கே பழமொழி தலைகீழாகிவிட்டது. வெளியிலிருந்து கொண்டுவந்து உள்ளே விட்டது மானை. அவதிப்படுவது ஓணான்.

அந்த ஓணானைப் பார்க்க வேண்டுமானால் ராஸ் தீவில் தேடிப் பயனில்லை. போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) தெற்கே 25 கிலோமீட்டர் போனால் சிடியா டாபு. சாயங்காலச் சூரியனைப் பார்க்கப் பயணிகள் கூடும் கடற்கரை. சூரியன் சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், கடலுக்கு முதுகைக் காட்டிக் காட்டோரமாக நடந்தால், இன்னொரு அந்தமான் கண்ணில் படுகிறது. நெடுநெடுவென்று உயர்ந்த குர்ஜன் மரங்கள். அவற்றின் கீழே பிரம்பும் கொடியும் மரக்கன்றுகளும் பின்னிக் கிடக்கும் அடிக்காடு. கால் வைத்தால் அமுங்கும் சருகு. ஆளின் இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில், சுண்டுவிரல் பருமன் தண்டு ஒன்றில், தலையை உயர்த்திக்கொண்டு அசையாமல் ஒட்டியிருக்கும் அது.

நம் ஊர் வேலி ஓணானின் உறவுதான். ஆனால் உடம்பு இன்னும் ஒல்லி, வால் இன்னும் மெல்லிசு. வாலையும் சேர்த்தால் ஒரு சாணுக்கு மேல் வரும். நிறத்தை இன்னது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்று மரப்பட்டை போலப் பழுப்பு, அடுத்தது சாம்பல், இன்னொன்றில் வெளிர்ப் புள்ளிகளும் கோடுகளும். ஆணுக்குப் பிடரியில் சிறு முட்களாலான கொண்டை. அதன் விஞ்ஞானப் பெயர் கோரிஃபோஃபைலாக்ஸ் சப்கிரிஸ்டேட்டஸ். முதல் பாதியில் உள்ள கிரேக்கச் சொற்களைப் பிரித்தால் ‘உச்சியைக் காப்பவன்’ என்று வரும். பின்பாதி கொண்டையின் சிறுமையைச் சொல்கிறது. இந்தப் பேரினம் முழுவதுமே அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு மட்டும் சொந்தமானது. சென்னையிலும் கிடையாது, ரங்கூனிலும் கிடையாது, உலகில் வேறு எங்கும் கிடையாது.

ஆனால் இந்தத் தீவுகளின் காட்டுக்குள் அது அபூர்வம் அல்ல. மிகச் சாதாரணம். அதுதான் அதன் துரதிருஷ்டம். அபூர்வமான பிராணிக்கு ஆராய்ச்சி நிதி உண்டு, தபால்தலை உண்டு, செய்தித்தாளில் இடம் உண்டு. எங்கும் கிடக்கிற ஓணானை யார் கவனிப்பார்கள்? தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஓணானுக்கு ஏற்கெனவே கெட்ட பெயர். தாகத்தோடு வந்த ராமருக்கு அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் கொடுத்ததாம். அதைச் சொல்லியே தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் அதன் மேல் கல் எறிந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரின் மக்கள்தொகை 3,80,000 சொச்சம். அதில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். அவர்களுக்கும் இது ‘ஓணான்’தான். தனிப்பெயர் தேவைப்படும் அளவுக்கு யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

விஞ்ஞானம் அதைக் கவனித்த காலம் சுவாரஸ்யமானது. 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு டாக்டர் ஜே.பி. வாக்கர் போர்ட் பிளேரில் இறங்கினார். காலாபானியின் வரலாறு அங்கே தொடங்குகிறது. அதே நாட்களில், தெற்கே நிக்கோபார் தீவுகளுக்கிடையே ஓர் ஆஸ்திரியப் போர்க்கப்பல் சுற்றிக்கொண்டிருந்தது. உலகைச் சுற்றிவரக் கிளம்பிய நோவாரா என்ற அந்தக் கப்பல் சென்னையில் நின்றுவிட்டு நிக்கோபார் வந்திருந்தது. அதிலிருந்த விஞ்ஞானிகள் செடி, சிப்பி, பறவை, ஓணான் என்று கண்டதையெல்லாம் சேகரித்து வியன்னாவுக்குக் கொண்டுபோனார்கள். 1867இல் வெளியான அந்தப் பயணத்தின் ஊர்வன பற்றிய நூலில்தான் கோரிஃபோஃபைலாக்ஸ் என்ற பேரினப் பெயர் வந்தது. அதற்கு முன்பே கல்கத்தாவில், ஏஷியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத், அந்தமானிலிருந்து வந்த மாதிரிகளைப் பார்த்து 1860-61இல் இந்த இனத்தை விவரித்து, சப்கிரிஸ்டேட்டஸ் என்ற பாதியைச் சூட்டிவிட்டார். கைதிகளும் கங்காணிகளும் காட்டை வெட்டி ஊர் கட்டத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளுக்குள் ஓணான் புட்டிக்குள் வந்துவிட்டது.

புட்டிக்குள் வந்தது ஓர் இனம்தான் என்று 150 ஆண்டுகள் நம்பப்பட்டது. டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். ஹரிகிருஷ்ணன், கார்த்திகேயன் வாசுதேவன் முதலானோர் உடல் அளவுகளையும் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டு 2012இல் இரண்டாவது இனம் ஒன்றை அறிவித்தார்கள். உருவில் சிறியது, வால் குட்டை. பெயரும் அதைத்தான் சொல்கிறது: கோரிஃபோஃபைலாக்ஸ் பிரெவிகாடஸ். எல்லோருக்கும் தெரிந்த ஓணானின் பெயருக்குள்ளேயே இன்னொரு ஓணான் ஒளிந்திருந்தது. சாதாரணம் என்று ஒதுக்கிவைத்ததைத் திரும்பப் பார்க்க ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

காட்டுக்குள் இதன் வாழ்க்கை ஒரு காவல்காரனின் வாழ்க்கை. துரத்தி வேட்டையாடுவதில்லை. தண்டில் உட்கார்ந்து கீழே சருகைப் பார்த்துக்கொண்டிருக்கும். எறும்பு, வண்டு, பூச்சி எதாவது நகர்ந்தால் பாய்ந்து பிடித்துவிட்டு மறுபடியும் தண்டுக்கு வந்துவிடும். முட்டை இடுவது மண்ணில். இருட்டியதும் மெல்லிய கிளையின் நுனிக்கோ இலையின் மேலேயோ போய்ப் படுத்துக்கொள்ளும். மரமேறும் பாம்பு எதுவும் அந்த நுனிக்கு வரவேண்டுமானால் கிளை ஆடும். கிளை ஆடினால் ஓணான் கீழே குதித்துவிடும். அந்தமானின் பாம்புகளுக்கும், பாம்புக் கழுகு போன்ற பறவைகளுக்கும் இது இரை. பூச்சிகளை அடக்குவது ஒரு பக்கம், பெரியவற்றின் வயிற்றை நிரப்புவது மறுபக்கம். காட்டின் அன்றாடக் கொடுக்கல் வாங்கல் இதன் வழியாகத்தான் நடக்கிறது.

இந்த வாழ்க்கைக்கு இரண்டு பொருள் வேண்டும். உட்காரவும் தூங்கவும் தாழ்வான தண்டுகள், கண்காணிக்கச் சருகும் பூச்சியும் நிறைந்த தரை. இரண்டையும் தருவது அடிக்காடு. மான் மேய்வதும் அடிக்காட்டைத்தான்.

மான் பெரிய மரத்தை ஒன்றும் செய்வதில்லை. முளைத்து வரும் கன்றைக் கடிக்கிறது, தளிரைக் கிள்ளுகிறது, வாய் எட்டும் உயரத்துக்குப் புதரை வழித்துவிடுகிறது. அண்ணாந்து பார்த்தால் காடு அப்படியே இருக்கும். குனிந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். ஓங்கி நிற்கும் மரத்துக்கு அடியில் அதன் பேரன் பேத்திகள் இல்லை. தாத்தா விழும் வரை வீடு நிறைந்திருப்பது போலத் தோன்றும்.

ஓணான்களின் எண்ணிக்கையில் இது எப்படித் தெரிகிறது என்பதை நித்ய பிரகாஷ் மொஹந்தி, ஹரிகிருஷ்ணன், கே. சிவகுமார், வாசுதேவன் ஆகியோர் ஆராய்ந்தார்கள். மான் நெருக்கமாக உள்ள இடங்களையும் குறைவாக உள்ள இடங்களையும் ஒப்பிட்ட அந்த ஆய்வு 2016இல் ‘பயலாஜிகல் இன்வேஷன்ஸ்’ இதழில் வந்தது. முடிவு எளிமையானது. மான் கூடக் கூட அடிக்காடு குறைகிறது. அடிக்காடு குறையக் குறைய, தரையிலும் தாழ்வான தண்டுகளிலும் வாழும் ஓணான், பல்லி வகைகள் குறைகின்றன. மான் எந்த ஓணானையும் மிதித்துக் கொல்லவில்லை, தின்னவில்லை. அதன் திண்ணையையும் படுக்கையையும் எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஓணானை எண்ணுவதே தனி வித்தை. பகலில் ஆளைக் கண்டதும் தண்டின் மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடும். ஆளும் சுற்றினால் அதுவும் சுற்றும். பார்த்த நான்கைப் பத்தாக எழுதவும் முடியாது, பாராத பத்தை விட்டுவிடவும் முடியாது. அதனால் ஆய்வாளர்கள் காட்டுத் தரையில் அளவெடுத்த சதுரங்களைத் தடுப்பு வைத்து அடைத்து, உள்ளே சருகு முதல் கிளை வரை துழாவி எண்ணும் முறையையும் கையாண்டார்கள். எந்த முறை சரியான எண்ணிக்கை தருகிறது என்பதை ஒப்பிடவே ஹரிகிருஷ்ணனும் வாசுதேவனும் 2015இல் ஒரு தனி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஓணானை எண்ணுவதற்கு இவ்வளவு பாடா என்று சிரிக்கலாம். ஆனால் இன்று எத்தனை இருக்கிறது என்று எழுதிவைக்காவிட்டால், நாளை குறைந்தது என்று நிரூபிக்க வழியில்லை.

வானத்திலிருந்து பார்த்தால் இந்த இழப்பு தெரியாது. அந்தமான் நிக்கோபாரின் நிலப்பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் காடு என்று இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. செயற்கைக்கோள் படத்தில் விழுவது மரங்களின் தலை. அடிக்காடு உள்ள காடும் அடிக்காடு இழந்த காடும் மேலிருந்து பார்த்தால் ஒரே பச்சைதான். கிரேட் நிக்கோபாரில் 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற துறைமுகத் திட்டத்தால் எத்தனை சதுர கிலோமீட்டர் காடு போகும் என்று நாடே விவாதிக்க முடிகிறது. அதில் வரைபடம் இருக்கிறது, எல்லைக்கோடு இருக்கிறது. மான் மேய்வதற்கு வரைபடம் இல்லை. ஒரு மரம்கூட விழாமல், சத்தமே இல்லாமல் நடக்கிறது அது.

இதைப் பற்றி எச்சரிக்கை வராமல் இல்லை. வண்டூரில் இயங்கும் அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழுவுக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. மாமல்லபுரம் அருகே 1976இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய முதலைப் பண்ணையின் கிளையாக வளர்ந்தது அது. அங்கே பணியாற்றிய சூழலியலாளர் ராவுஃப் அலி, வெளியிலிருந்து வந்த தாவர உண்ணிகள் அந்தமான் காட்டை என்ன செய்கின்றன என்று ஆராய்ந்து 2004இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார். அதில் மானுக்குத் துணையாக யானையும் வருகிறது. அந்தமானில் காட்டு யானை ஏது? கல்கத்தாவைச் சேர்ந்த மரக் கம்பெனி ஒன்று தடி இழுக்க யானைகளைக் கொண்டுவந்தது. 1962இல் நொடித்துப் போனதும் யானைகளை இன்டர்வியூ தீவில் அப்படியே விட்டுவிட்டது. அவை காட்டு யானைகளாகி, மரப்பட்டையை உரித்தும் மூங்கிலையும் பிரம்பையும் முறித்தும் தின்றன. யானை மேலே கை வைக்க, மான் கீழே வாய் வைக்க, காடு மறுபடி முளைக்க வழியில்லாமல் போனது.

மான் மட்டும் வந்த தீவுகளின் கதை உலகில் வேறு இடத்திலும் உண்டு. கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஹைடா க்வாய் தீவுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே மான்கள் விடப்பட்டன. அங்கும் அவற்றைத் தின்ன ஆள் இல்லை. மான் நீண்ட காலம் மேய்ந்த தீவுகளில் அடிக்காடும், அடிக்காட்டில் கூடு கட்டும் பறவைகளும் குறைந்து போயின. மான் எட்டாத சிறு தீவுகளில் இரண்டும் செழித்திருந்தன. குளிர் தேசத்துப் பறவைக்கு நேர்ந்ததும் வெப்ப தேசத்து ஓணானுக்கு நேர்வதும் ஒன்றுதான்.

அந்தமானுக்கு மான்தான் கடைசி விருந்தாளி என்றும் சொல்ல முடியாது. நம் வயல்களில் மழைக்காலத்தில் கத்தும் பெரிய தவளை, மீன் குஞ்சுகளோடு கலந்து தீவுக்கு வந்து, இந்த நூற்றாண்டில் வேகமாகப் பரவியிருக்கிறது. அதைத் தொடர்ந்து ஆராய்ந்துவரும் மொஹந்தி, அந்தத் தவளையின் வயிற்றில் பூச்சிகள் மட்டுமல்லாமல் தீவின் சிறு முதுகெலும்புப் பிராணிகளும் இருப்பதைக் காட்டியிருக்கிறார். பெருநிலத்தில் அந்தத் தவளை உழவனின் நண்பன். தீவில் அதன் பங்கு வேறு.

மான் விஷயத்திலும் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பெருநிலத்தில் நல்லவன் தீவில் எப்படிக் கெட்டவன் ஆவான் என்பது சட்டத்துக்குப் புரிவதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புள்ளிமானைக் காக்கிறது. காக்கத்தான் வேண்டும், முதுமலையிலும் கன்ஹாவிலும் மான் இல்லாவிட்டால் புலி இல்லை. இந்தச் சட்டத்துக்கு 2022இல் கொண்டுவரப்பட்டு 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த திருத்தம், ‘ஊடுருவும் அந்நிய இனம்’ என்ற சொல்லை முதல்முறையாகச் சேர்த்து, அத்தகைய இனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் அதன் விளக்கம் இந்தியாவைத் தாயகமாகக் கொள்ளாத விலங்குக்கும் தாவரத்துக்கும் மட்டுமே பொருந்துகிறது. புள்ளிமான் இந்தியாவைத் தாயகமாகக் கொண்டது. ஆகவே சட்டத்தின் கண்ணில் அந்தமானிலும் அது அந்நியன் அல்ல.

சட்டம் பார்ப்பது அரசியல் வரைபடத்தை. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே கிடக்கும் 1,190 கிலோமீட்டர் கடல் அதில் ஒரு பொருட்டல்ல. காடு பார்ப்பது வேறு வரைபடம். அந்தமான் தீவுகள் மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் மூழ்கி, அங்கங்கே தலைகாட்டும் முகடுகள். வடகோடித் தீவிலிருந்து மியான்மரின் நெக்ராய்ஸ் முனை சுமார் 190 கிலோமீட்டர்தான். தீவின் மரமும் ஊர்வனவும் பெரும்பாலும் அந்தத் திசையில்தான் உறவு கொண்டாடுகின்றன. ஓணானைப் பொறுத்தவரை முதுமலை மானும் வேற்று நாட்டு மானும் ஒன்றுதான். இரண்டுமே தெரியாத ஊரிலிருந்து வந்தவை.

வேறு வழியே இல்லை என்றும் கிடையாது. குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்கு, ஒரு விலங்குக்குப் பாதுகாப்பை விலக்கி வைக்கச் சட்டம் மத்திய அரசுக்கு இடம் தருகிறது. 2015-16இல் பீகாரில் நீலமானும் உத்தராகண்டில் காட்டுப்பன்றியும் இமாசலத்தில் குரங்கும் அப்படி அறிவிக்கப்பட்டன. விவசாயிகளின் கூக்குரல் டில்லியின் காதில் விழுந்தது. பயிரைத் தின்றால் வழக்கு உண்டு. காட்டின் கன்றுகளைத் தின்றால் புகார் கொடுக்க ஆள் இல்லை.

சட்டம் வழிவிட்டாலும் மனம் வழிவிடுமா என்பது அடுத்த கேள்வி. மான் அழகானது. காவியத்தில் சீதை ஆசைப்பட்டது, சகுந்தலை வளர்த்தது. அதைச் சுட்டுக் குறைக்கலாம் என்று எந்த அதிகாரியும் வாய் திறக்கத் தயங்குவார். பிடித்து அப்புறப்படுத்துவது லேசான வேலை அல்ல; மிரண்ட மான் அதிர்ச்சியிலேயே செத்துவிடும். கருத்தடை செய்வதற்குப் பணமும் பல ஆண்டுப் பொறுமையும் வேண்டும். மான்மேல் குற்றமும் இல்லை. அது கேட்டா கப்பலேறியது? பசித்ததைத் தின்கிறது. தவறு செய்தவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதைத் திருத்தும் பொறுப்புதான் இன்றைய தலைமுறையின் தலையில் விழுந்திருக்கிறது.

உடனடியாகச் செய்யக்கூடிய சிறு காரியங்கள் இருக்கின்றன. இன்னும் மான் காலடி படாத தீவுகளில் அது கரையேறாமல் காவல் காப்பது முதல் வேலை. வந்த பிறகு விரட்டுவதைவிட வராமல் தடுப்பது மலிவு. காட்டின் சில பகுதிகளுக்கு வேலி போட்டால் உள்ளே கன்றுகள் எழும்புவதைக் கண்ணாலேயே காட்டலாம். அதிகாரிகளுக்கு நூறு அறிக்கைகளைவிட அந்த ஒரு காட்சி போதும். ஆண்டுதோறும் மரத்தை எண்ணும் வனத்துறை, சில இடங்களிலாவது ஓணானையும் எண்ணிவைக்கலாம். அடிக்காடு நலமா என்பதற்கு அதைவிட எளிய அளவுகோல் கிடைக்காது. பயணிகள் தங்கள் பங்குக்குப் பிஸ்கட் பொட்டலத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

அதோடு, ஒரு மாலைப் பொழுதைக் காட்டோரத்தில் செலவிடலாம். சிடியா டாபுவிலோ வண்டூரிலோ பாதையை விட்டு இறங்காமல், மெதுவாக, மார்பு உயரத் தண்டுகளைப் பார்த்தபடி நடந்தால் போதும். முதலில் ஒன்றும் தெரியாது. ஒன்று தெரிந்துவிட்டால் பிறகு வரிசையாகத் தெரியும். எவ்வளவு தெரிகிறதோ அந்தக் காடு அவ்வளவு நலம்.

புள்ளிமானைப் பார்ப்பதற்கு விமானச் செலவு தேவையில்லை. ஊட்டியிலிருந்து பஸ்ஸில் முதுமலைக்குப் போனால் சாலையோரத்திலேயே நிற்கும். இந்த ஓணானைப் பார்க்க இந்தத் தீவுகளை விட்டால் உலகத்தில் வேறு இடம் இல்லை.